ஷிர்ப்: தண்ணீர் முறையின் சட்டமும் வலன்சியா வாய்க்கால்களும்

ஸமூது கூட்டத்தாருக்கு அத்தாட்சியாக அனுப்பப்பட்ட ஒட்டகத்தின் வரலாற்றை வாசகர்கள் அறிவார்கள். ஸாலிஹ் நபி (அலை) அவர்கள் ஊர்த் தண்ணீரை நாள் முறை வைத்துப் பங்கிட்டார்கள். ஒட்டகத்திற்கு ஒரு நாள், ஊராருக்கு ஒரு நாள். இச்செய்தி ஸூரத்துஷ் ஷுஅராவின் 155-வது வசனத்திலும் ஸூரத்துல் கமரின் 28-வது வசனத்திலும் வருகிறது. அந்த முறைக்குத் திருமறை கையாண்டுள்ள சொல் 'ஷிர்ப்' என்பதாகும். நம் சட்ட இமாம்கள் அதே சொல்லை எடுத்து, பாசன வாய்க்காலில் ஒருவருக்குள்ள பங்கிற்கும் முறைக்கும் பெயராக வைத்தார்கள்.

ஹிதாயா போன்ற நூல்களில், தரிசு நிலத்தை உயிர்ப்பித்தல் பற்றிய பாடத்தின் கடைசியில் இந்த ஷிர்பின் மஸ்அலாக்கள் இடம் பெற்றிருக்கின்றன. தொழுகை, நோன்பு, நிகாஹ் ஆகிய பாடங்களுக்குக் கிடைக்கும் அவகாசம் ஓதும் மாணவர்களுக்கு இங்கே கிடைப்பதில்லை. ஆண்டு இறுதியில் வேகமாகத் தாண்டிவிடுவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. "இதெல்லாம் எங்கே ஹஜ்ரத் இப்போது நடைமுறையில் இருக்கிறது?" என்று கேட்கும் மாணவர்களும் உண்டு. இந்தக் கேள்விக்கான விடையை நாம் இங்கே எழுத முற்பட்டிருக்கிறோம். அவ்விடை கிடைக்கும் ஊரோ, முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டு நானூறு ஆண்டுகள் கடந்துவிட்ட ஓர் ஊர்.

முதலில் சட்டத்தின் வேரைப் பார்ப்போம்.

மதீனாவில் ஹர்ரா என்னும் கருங்கல் பூமியிலிருந்து மழை நீர் ஓடை ஒன்று இறங்கி வந்தது. மேல்புறம் நபித்தோழர் ஸுபைர் (ரலி) அவர்களின் தோட்டம். அதற்குக் கீழே அன்ஸாரி ஒருவரின் தோட்டம். தண்ணீரை நிறுத்தாமல் ஓட விடும்படி அன்ஸாரி கேட்டார். ஸுபைர் (ரலி) இணங்கவில்லை. வழக்கு பெருமானார் (ஸல்) அவர்களிடம் சென்றது. 'நீர் பாய்ச்சிக்கொண்டு, பிறகு அண்டை வீட்டாருக்கு விட்டு விடும்' என்ற கருத்தில் ஸுபைருக்குச் சொன்னார்கள். அது அன்ஸாரிக்கு இலகுவான ஒரு சமாதானம். ஆனால் அவரோ, ஸுபைர் தங்கள் மாமி மகன் என்பதால்தானே இப்படி என்று வாய் தவறிப் பேசிவிட்டார். பெருமானாரின் முகம் மாறியது. பிறகு ஸுபைருக்குரிய முழு உரிமையையும் தீர்ப்பாக வழங்கினார்கள்: வரப்படி வரை தண்ணீர் ஏறும் மட்டும் நிறுத்திக்கொள்ளலாம். ஸூரத்துன் நிஸாவின் 65-வது வசனம் இந்த நிகழ்ச்சி பற்றியே இறங்கியது என்று தாம் கருதுவதாக ஸுபைர் (ரலி) கூறியது புகாரீயில் பதிவாகியிருக்கிறது.

வரப்படி என்றால் எவ்வளவு? மக்கள் அதை அளந்து பார்த்ததில் கரண்டைக் கால் அளவு இருந்தது என்று இமாம் இப்னு ஷிஹாப் ஸுஹ்ரீ (ரஹ்) சொல்கிறார்கள். மதீனாவின் மஹ்ஸூர், முதைனிப் என்னும் இரண்டு ஓடைகளைப் பற்றிய தீர்ப்பு இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் வருகிறது. அதிலும் கரண்டை அளவே கூறப்பட்டிருக்கிறது. மேலே உள்ளவர் அந்த அளவு நிறுத்திவிட்டுக் கீழே உள்ளவருக்கு விட வேண்டும்.

மேல்மடைக்காரனுக்கு முந்திக்கொள்ளும் உரிமை உண்டு என்று மட்டும் இதைப் படிப்பவர்கள் பாதியைத்தான் படிக்கிறார்கள். கரண்டை என்பது அவனுக்குக் கொடுத்த உரிமை மட்டுமன்று, அவனுக்குப் போட்ட எல்லையும்கூட. அதற்கு மேல் நிற்கும் ஒவ்வொரு விரற்கடைத் தண்ணீரும் கடைமடைக்காரனுடையது. தஞ்சைப் பக்கத்துக் கடைமடையில் நாற்றங்காலோடு காத்து நிற்பவரைக் கேட்டால் இந்த ஹதீஸின் பொருளை நம்மைவிட நன்றாக விளக்குவார்!

அதே முவத்தாவில் இன்னொரு செய்தியும் உண்டு. ளஹ்ஹாக் இப்னு கலீஃபா என்பவர் ஒரு வாய்க்கால் வெட்டினார். அது முஹம்மது இப்னு மஸ்லமா (ரலி) அவர்களின் நிலத்தைக் கடந்தாக வேண்டும். 'உமக்கும் முதலிலும் கடைசியிலும் தண்ணீர் கிடைக்கும், இடையூறு ஒன்றும் இல்லையே' என்று சொல்லியும் அவர் இசையவில்லை. கலீஃபா உமர் (ரலி) அழைத்துச் சொல்லியும், ஆணையிட்டு மறுத்துவிட்டார். உமது வயிற்றின் மீது ஓட வேண்டியிருந்தாலும் அது ஓடியே தீரும் என்று உமர் (ரலி) தீர்ப்புக் கூறி, வாய்க்காலை ஓடச் செய்தார்கள். இதை ஆதாரமாகக் கொண்டு நிலக்காரரை நிர்ப்பந்திக்கலாமா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. அதற்குள் இப்போது நாம் நுழையவில்லை.

இந்த முவத்தாவை அந்தலுஸுக்குக் கொண்டு சேர்த்தவர்களில் முதன்மையானவர், ஹிஜ்ரி 234-ல் மறைந்த யஹ்யா இப்னு யஹ்யா அல்லைஸீ (ரஹ்). ஸ்பெயின் தேசம் மாலிகீ மத்ஹபின் கோட்டையாயிற்று. அந்நாட்டின் கிழக்குக் கரையில், பலன்ஸிய்யா என்று அரபிகள் அழைத்த வலன்சியா நகரைச் சுற்றி ஒரு வாய்க்கால் வலை விரிந்தது. அங்கு ஓடும் ஆற்றுக்கு இன்று தூரியா என்று பெயர். அதற்கு வழங்கிய பழைய பெயர் குவாதலாவியார். அதாவது வாதீ அல்அப்யள், வெள்ளை ஆறு.

அந்த வாய்க்கால்களில் சில ரோமர் காலத்திலேயே இருந்தனவா என்பது ஆராய்ச்சியாளர்களுக்கிடையே சர்ச்சைக்குரியது. எப்படியிருந்தாலும், ஸ்பானிய மொழியில் வாய்க்காலுக்கு 'அஸேக்கியா' என்று பெயர். நம் அரபுச் சொல் 'அஸ்ஸாக்கியா'தான் அது. ஆற்றின் குறுக்கணைக்கு 'அஸூத்', அது அஸ்ஸுத். நீரிறைக்கும் சக்கரம் 'நோரியா', அது நாஊரா. நீர்த் தொட்டி 'அல்பெர்க்கா', அது அல்பிர்க்கா. தண்ணீர் முறைக்குச் சில ஊர்களில் 'தூலா' என்றும், சில ஊர்களில் 'அதோர்' என்றும் சொல்வார்கள். முன்னது தவ்லா, பின்னது அத்தவ்ர். இரண்டுக்கும் சுற்று, முறை என்பதே பொருள். வலன்சியாவைச் சுற்றியுள்ள ஊர்ப் பெயர்களையும் கவனியுங்கள்: பெனிமாக்லெத், பெனிமாமெத், பெனிஃபெர்ரி. தொடக்கத்தில் நிற்கும் 'பெனி' என்பது பனூ, பனீ என்னும் குலப் பெயர்தான். ஒவ்வொரு கிளை வாய்க்காலின் கரையிலும் ஒரு குலம் குடியேறி, தன் மடையைத் தானே காத்து வந்திருக்கிறது.

கி.பி. 1010-ஐ ஒட்டிய காலத்தில் முபாரக், முளஃப்ஃபர் என்ற இருவர் வலன்சியாவை ஆண்டார்கள். இருவரும் ஸக்காலிபா எனப்பட்ட ஸ்லாவிய அடிமை வகுப்பிலிருந்து வந்தவர்கள். ஆட்சிக்கு வருமுன் அவர்கள் வகித்த பதவி 'விக்காலத்துஸ் ஸாக்கியா', அதாவது வாய்க்கால் கண்காணிப்பு. வாய்க்காலுக்கென்று தனி அலுவலகம் இருந்ததும், அது ஆட்சிக்கே படியாகும் அளவுக்குச் செல்வாக்கு உடையதாக இருந்ததும் இதிலிருந்து விளங்குகின்றன.

கி.பி. 1238, ஹிஜ்ரி 636-ல் அரகான் மன்னர் முதலாம் ஜெய்ம் வலன்சியாவைக் கைப்பற்றினார். நகரத்து ஜும்ஆப் பள்ளிவாசல் தேவாலயமாக்கப்பட்டது. வீடும் நிலமும் புதுக் குடிகளுக்குப் பங்கிடப்பட்டன. ஆனால் வாய்க்காலில் கை வைத்தபோது மன்னர் ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டார்: நிலத்தை வாள் முனையில் பிரித்துவிடலாம், தண்ணீரை அப்படிப் பிரிக்க முடியாது. எனவே 1239-ல் அவர் வழங்கிய சாசனத்தில், முஸ்லிம்களின் காலத்தில் எப்படி வழக்கம் இருந்ததோ அப்படியே நீர் பாய்ச்ச வேண்டும் என்று விதித்தார். பழைய வழக்கம் எது என்று தகராறு வந்தபோது, ஊரில் தங்கிவிட்ட முதிய முஸ்லிம்களை விசாரித்து அதன்படி முடிவு செய்ததும் உண்டு.

இன்றும் வலன்சியாவில் ஒவ்வொரு வியாழக்கிழமையும் பகல் பன்னிரண்டு மணிக்கு, அதே தேவாலயத்தின் 'அப்போஸ்தலர் வாசல்' முன்னால் தண்ணீர் நீதிமன்றம் கூடுகிறது. நீதிபதிகள் எட்டுப் பேர். சட்டம் படித்தவர்கள் என்பதற்காக எவரும் அங்கே அமர்த்தப்படுவதில்லை. அந்தந்த வாய்க்கால் விவசாயிகள் தம்மிலிருந்து தேர்ந்தெடுத்த விவசாயிகள் அவர்கள். கறுப்பு மேலங்கி அணிந்து வட்டமாக அமர்வார்கள். குவார்த், பெனாகெர்-ஃபைதனார், மிஸ்லாத்தா, ஃபவாரா, ரொவெல்லா ஆகியவை ஆற்றின் வலக்கரை வாய்க்கால்கள். தோர்மோஸ், மெஸ்தால்யா, ரஸ்கான்யா ஆகியவை இடக்கரை. 'அல்குவாசில்' என்னும் சேவகர் ஒவ்வொரு வாய்க்காலின் பெயரையும் சொல்லிக் குற்றம் சாட்டப்பட்டவரை அழைப்பார். (இந்தச் சேவகரின் பதவிப் பெயர் 'அல்வஸீர்' என்பதன் திரிபு. அரபியில் அமைச்சராக இருந்தவர் ஸ்பானிய மொழியில் சேவகராகிவிட்டார்!) வழக்கறிஞர் கிடையாது, மனு கிடையாது, எல்லாம் வாய்மொழி. குற்றம் சாட்டப்பட்டவரின் வாய்க்காலைச் சேர்ந்த நீதிபதி தீர்ப்பில் கலந்துகொள்ள மாட்டார். வலக்கரைக்காரர் வழக்கென்றால் இடக்கரை நீதிபதிகள் தீர்ப்பை முன்மொழிய வேண்டும். இடக்கரைக்காரர் என்றால் வலக்கரையார். மேல் முறையீடு இல்லை.

'மாமி மகன் என்பதால்தானே' என்ற அந்த ஒரு சந்தேகச் சொல்லுக்கு இங்கே இடமே இல்லாமல் ஏற்பாடு செய்திருக்கிறார்கள் பாருங்கள்.

1985-ல் இயற்றப்பட்ட ஸ்பெயினின் நீதித்துறைச் சட்டம் இம்மன்றத்தைப் பெயர் சொல்லி அங்கீகரித்தது. 2009-ல் யுனெஸ்கோ நிறுவனம் இதனை மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளில் ஒன்றாகச் சேர்த்தது. அப்போது தரப்பட்ட கணக்கின்படி ஒன்பது வாய்க்கால் சமூகங்களைச் சேர்ந்த 11,691 பேர் இதன் உறுப்பினர்கள்.

இந்த மன்றம் கி.பி. 960-ல் குர்துபா கலீஃபாக்களின் காலத்தில் தொடங்கியது என்று அங்கே சொல்வார்கள். 1960-ல் ஆயிரமாவது ஆண்டு விழாவும் கொண்டாடிவிட்டார்கள். வாசலுக்கு வெளியே கூடுவதற்கும் ஒரு காரணம் சொல்லப்படுகிறது: பள்ளிவாசல் தேவாலயமான பின் முஸ்லிம் விவசாயிகள் உள்ளே வர முடியாது என்பதால் வெளியே கூடினார்களாம். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஸனது பார்த்து ஓதியவர்கள் நாம். 960 என்ற வருடத்துக்கு அக்காலத்து ஆவணம் எதுவும் காட்டப்படவில்லை. அது மிகப் பிந்திய காலத்து எழுத்தாளர்களின் கணிப்பு. நமக்குப் பெருமை தருகிறது என்பதற்காக ஒரு செய்தியை நாம் பலப்படுத்தக் கூடாது. 1239-ஆம் ஆண்டுச் சாசனமும், வாய்க்கால் அலுவலகத்தைப் பற்றிய செய்தியும், இன்றுவரை நாவில் வாழும் சொற்களுமே போதுமான சாட்சிகள்.

அங்குள்ள வழக்கத்தை நம் நூல்களோடு வைத்துப் பார்க்கலாம். வலன்சியாவில் தண்ணீர் நிலத்தோடு ஒட்டியது. நிலத்தை விட்டு நீர் முறையை மட்டும் விற்க முடியாது. அதே ஸ்பெயினில் லோர்க்கா, எல்ச்சே போன்ற ஊர்களிலோ தண்ணீரைத் தனியாக ஏலம் விட்டிருக்கிறார்கள். ஹனஃபி மத்ஹபில் ஷிர்பைத் தனியாக விற்பது கூடாது என்பதே ளாஹிருர் ரிவாயத். தண்ணீரின் அளவு அறியப்படாதது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. பல்க் நகரத்து மஷாயிகுமார்கள் தம் ஊர் வழக்கத்தை வைத்து அனுமதித்தார்கள். ஒரே நாட்டில் இரு வழக்கங்கள் இருந்தது போலவே நம் சட்ட நூல்களிலும் இரு சொல்கள் இருக்கின்றன. ஏலத்தில் பணக்காரன் முந்திக்கொள்வான் என்பது வெளிப்படை. வலன்சியாவில் சிறு துண்டு நிலக்காரனும் தலைமுறை தலைமுறையாக நிலைத்து நின்றதற்கு, தண்ணீர் அவன் நிலத்தை விட்டுப் பிரியாமல் இருந்ததும் ஒரு காரணம் என்று நாம் கருதுகிறோம்.

பஞ்ச காலத்தில் ஆற்று நீர் குறையும்போது, எல்லா வாய்க்கால்களுக்கும் அவரவர் விகிதப்படி சேர்ந்தே குறையும். பங்கு எவ்வளவு என்று தெரியாத பொது வாய்க்காலில் தகராறு வந்தால் நிலத்தின் அளவுப்படி பங்கிட வேண்டும் என்று ஹிதாயாவில் இருப்பதை இதனோடு ஒப்பிடலாம். மேல்மடைக்காரன், வாய்க்காலை அடைத்தால்தான் தன் நிலத்துக்கு ஏறும் என்றாலும், மற்றவர்கள் சம்மதிக்காமல் அடைக்கக் கூடாது என்பதும் அங்கேயே இருக்கிறது.

தூர் வாருவது பற்றி இமாம்களிடையே ஓர் அழகான கருத்து வேறுபாடு உண்டு. பெரிய ஆறுகளைத் தூர் வாருவது பைத்துல் மாலின் பொறுப்பு. பங்காளிகளின் வாய்க்கால் என்றால் செலவு அவர்களுடையது. தலைப்பிலிருந்து வாரிக்கொண்டு வரும்போது, ஒருவரின் நிலத்தைத் தாண்டியதும் அவர் பொறுப்பு நீங்கிவிடும் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் சொல். தலைப்பிலிருந்து கடைசி வரை எல்லோரும் பங்கின்படி கொடுக்க வேண்டும் என்பது அவர்களின் இரு மாணவர்களான இமாம் அபூயூஸுஃப், இமாம் முஹம்மது (ரஹ்) ஆகியோரின் சொல். மேலே உள்ளவரின் மிகுதி நீர் வடியவும் கீழ்ப்பகுதி தேவைதானே என்பது அவர்கள் காட்டும் நியாயம். குடிமராமத்து நடந்த நம் ஊர்களில் இந்த வாதம் மரத்தடியில் எத்தனை முறை நடந்திருக்கும்!

இனி, மனதைப் பாதிக்கும் பகுதிக்கு வருகிறோம்.

வாய்க்கால் வைத்திருப்பவரிடம் எவருக்கும் உள்ள ஓர் உரிமைக்கு 'ஹக்குஷ் ஷஃபா' என்று பெயர். வழிப்போக்கரும் கால்நடையும் குடிக்கலாம். அது மட்டுமன்று, உளூச் செய்யவும் துணி துவைக்கவும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்பதே சரியான சொல் என ஹிதாயாவில் இருக்கிறது. பிறர் வாய்க்காலில்கூட உளூச் செய்ய எவரிடமும் கேட்க வேண்டியதில்லை.

1238-க்குப் பிறகும் வலன்சியா நாட்டின் உட்பகுதிகளிலும் தெற்கிலும் முஸ்லிம் கிராமங்கள் பல நீடித்திருந்தன. 1521-ல் கலகக்காரர்கள் அவர்களில் பலருக்குப் பலவந்தமாக ஞானஸ்நானம் செய்வித்தார்கள். 1525-ல் மன்னரின் ஆணை எஞ்சியவர்களையும் மதம் மாறும்படி கட்டாயப்படுத்தியது. அவர்களைத்தான் 'மொரிஸ்கோக்கள்' என்று அழைத்தார்கள். அதன் பின் உளூவும் குளிப்பும் குற்றத்தின் அடையாளங்களாயின. முறைப்படி கை கால் கழுவியதைப் பார்த்தேன் என்று அண்டை வீட்டான் சாட்சி சொன்னால், இன்குவிசிஷன் என்னும் மத விசாரணை மன்றத்தின் முன் நிற்க வேண்டியிருந்தது. வாய்க்காலைக் கட்டிக் காத்து ஊருக்கெல்லாம் நீர் பாய்ச்சியவன், அதன் கரையில் உட்கார்ந்து முகம் கழுவ அஞ்சினான்.

1504-ல், ஸ்பெயினில் இவ்வாறு அகப்பட்ட முஸ்லிம்களுக்கு, வஹ்ரானீ என்று அறியப்பட்ட அஹ்மது இப்னு அபீ ஜும்ஆ (ரஹ்) ஒரு ஃபத்வா எழுதி அனுப்பினார்கள். தொழுகையைச் சைகையாலேனும் நிறைவேற்றுங்கள்; கடமையான குளிப்பைக் கடலில் நீந்துவது போல் நிறைவேற்றிக்கொள்ளுங்கள்; தயம்மும் செய்யச் சுவரில் கை தடவினாலும் போதும் என்ற கருத்துகள் அதில் இருக்கின்றன. மொரிஸ்கோக்கள் அதைத் தங்களுக்குள் பிரதி எடுத்துப் பாதுகாத்து வைத்திருந்தார்கள். தயம்மும் பாடத்தில் 'தண்ணீர் இருந்தும் பயன்படுத்த இயலாத நிலை' என்று ஓதும்போது நோயையும் எதிரியையும் உதாரணம் சொல்கிறோம். அந்த எதிரி, வாய்க்காலுக்கு அக்கரையில் பாத்தி கட்டிக்கொண்டிருக்கும் அண்டை வீட்டானாகவும் இருக்கலாம்.

1609 செப்டம்பர் 22-ல் மூன்றாம் பிலிப் மன்னரின் வெளியேற்ற ஆணை வலன்சியாவில் பறை சாற்றப்பட்டது. தேனியா, அலிகாந்தே முதலிய துறைமுகங்களிலிருந்து கப்பல் கப்பலாக அனுப்பினார்கள். வலன்சியா நாட்டிலிருந்து மட்டும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள். மக்கள் தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. 1614 வரை ஸ்பெயின் முழுவதிலும் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர்.

அந்த ஆணையில் ஒரு விதிவிலக்கு இருந்தது. நூற்றுக்கு ஆறு குடும்பங்களை நிறுத்திக்கொள்ளலாம். எதற்காக? வீடுகளையும், கரும்பு ஆலைகளையும், நெல் விளைச்சலையும், வாய்க்கால்களையும் பாதுகாத்து, புதிதாக வருபவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதற்காக! எந்த மக்களை வேண்டாம் என்று விரட்டினார்களோ, அவர்கள் இன்றி மடை திறக்கத் தெரியாது என்று அதே ஆணையில் எழுதி வைத்தார்கள். கரும்பு விளைச்சலுக்குப் பெயர் பெற்ற காந்தியாவின் பிரபு, தம் குடியானவர்களை நிற்கும்படி வேண்டினார். மார்க்கத்தை வெளிப்படையாகப் பின்பற்ற விட்டால் நிற்கிறோம் என்றார்கள் அவர்கள். அதை அரசுத் தரப்பு ஏற்கவில்லை. நூற்றுக்கு ஆறு என்ற சலுகையைப் பெரும்பாலோர் மறுத்துவிட்டுக் கப்பல் ஏறினார்கள். அதன் பின் காந்தியாவின் கரும்புத் தொழில் சரிந்தது. உள்நாட்டில் பல கிராமங்கள் வெறிச்சோடி, வெளியூர்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து குடியமர்த்த வேண்டியதாயிற்று.

கரையிறங்கியவர்களில் பலர் அல்ஜீரியாப் பக்கம் வழியிலேயே கொள்ளையடிக்கப்பட்டார்கள். தூனிஸில் உஸ்மான் தய் என்ற ஆட்சியாளர் அகதிகளை ஏற்றுக்கொண்டு நிலம் கொடுத்தார். மஜர்தா ஆற்றின் கரையில் தஸ்தூர் போன்ற ஊர்களை அவர்கள் எழுப்பினார்கள். ஓடு வேய்ந்த ஸ்பானிய வீடுகளும் பழத் தோட்டங்களும் அங்கே உருவாயின.

வலன்சியா நகரத்தை ஒட்டிய எட்டு வாய்க்கால்களோ அதற்கு முன்பே பெரும்பாலும் கிறிஸ்தவ விவசாயிகளின் கைக்குப் போயிருந்தன. அவர்கள் முறையைக் கெடுக்கவில்லை. அதை ஒப்புக்கொள்வதுதான் நீதி. 1957-ல் பெரு வெள்ளம் வந்து நகரத்தை மூழ்கடித்தபின் ஆற்றையே நகரத்துக்குத் தெற்கே திருப்பிவிட்டார்கள். வயல்கள் பல கட்டடங்களாகிவிட்டன. எனினும் எஞ்சிய வயல்களுக்கு முறை ஓடுகிறது. 2019-ல் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் அந்தப் பாசன அமைப்பை உலக வேளாண் மரபுகளில் ஒன்றாக ஏற்றது.

வலன்சியா வழக்குகளில் அடிக்கடி வரும் ஒன்று, நீர் பாய்ச்சியவன் மடையை மூட மறந்து, மிகுதி நீர் பக்கத்து வயலையோ பாதையையோ மூழ்கடித்துவிடுவது. அபராதம் உண்டு. நம் நூல்களில், வழக்கமான அளவில் பாய்ச்சியபோது நீர் கசிந்து பக்கத்து நிலம் பாதிக்கப்பட்டால் நஷ்ட ஈடு இல்லை, ஏனெனில் அவன் வரம்பு மீறவில்லை. நிலம் தாங்காத அளவுக்குப் பாய்ச்சினால் அவன் பொறுப்பாளி.

மோட்டார் பற்றிச் சிலர் கேட்பதுண்டு: பொது வாய்க்காலில் மோட்டார் வைத்துத் தன் முறைக்கு முன்பே இறைத்துக்கொள்வது கூடுமா? பொது வாய்க்காலிலிருந்து தனியாக ஒரு கால் வெட்டுவதற்கோ, அதன் மீது நீர் ஆலை நிறுவுவதற்கோ மற்றப் பங்காளிகளின் சம்மதம் வேண்டும் என்பது சட்டம். மோட்டாரும் அந்த வகையைச் சேர்ந்ததே. பங்காளிகள் சம்மதித்து முறை வகுத்துக்கொண்டால் கூடும். சம்மதம் இல்லையென்றால், கடைமடை காய்ந்தாலும் காயாவிட்டாலும், கூடாது.